கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்ணா!

"அண்ணா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்ணா..."

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் கோவை காந்திபுரத்திலிருந்து கிளம்பும் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் இந்தக் குரல் கேட்கும். மூன்று பேர் சீட்டில் மூன்று பேர் சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். நான்காவதாக ஒருவர் கட்டைப்பையோடு வந்து நிற்பார். ஜன்னலோரம் இருப்பவர் தோளைச் சாய்த்துக்கொள்வார். நடுவில் இருப்பவர் பையை மடிக்கு ஏற்றுவார். ஓரத்தில் இருப்பவர் ஒரு காலை வழியில் நீட்டிக்கொள்வார். நான்கு விரல்கடை இடம் எங்கிருந்தோ பிறந்துவிடும். சிங்காநல்லூர் வருவதற்குள் நான்கு பேருக்கும் ஒருவர் ஊர் மற்றவருக்குத் தெரிந்திருக்கும்.

இதைத் தமிழில் சொல்ல வழியில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. "சித்தெ நவுருங்க", "அக்கட்டால தள்ளி உக்காருங்க" என்று பாட்டிமார்கள் இன்றும் சொல்கிறார்கள். எத்தனை 'ங்க' போட்டாலும் 'நவுருங்க' என்பதில் லேசாக ஓர் அதிகாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அட்ஜஸ்ட்' என்றால் அப்படி இல்லை. கேட்கிறவருக்கும் கூச்சமில்லை, கொடுக்கிறவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கொங்கு நாட்டில் இந்த ஒரு வினைச்சொல் பார்க்கும் வேலைகளுக்குக் கணக்கே கிடையாது. மளிகைக் கடையில் சில்லறை இல்லையென்றால், "ரெண்டு ரூபாய்க்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று இரண்டு சாக்லேட் வரும். மாசக் கடைசியில், "ஒரு ஐந்நூறு அட்ஜஸ்ட் பண்ணுங்க, ஒண்ணாந்தேதி தந்தர்றேன்" என்றால் கைமாற்று. வீட்டைக் காலி செய்யும்போது, "ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றால் கழிவு. டீச்சர் லீவு போட்டால் பள்ளிக்கூடத்தில் பீரியடை அட்ஜஸ்ட் செய்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ரசம் தீரப் போகிறது என்றால் சமையல்காரர், "அட்ஜஸ்ட் பண்ணிடலாமுங்க" என்பார். அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வெந்நீர்!

சென்னைக்குப் போகும் சேரன் எக்ஸ்பிரஸில் இன்னொரு அர்த்தம். கோவை ஸ்டேஷனில் ரயில் நகரும் முன்பே, "எங்கம்மாவுக்கு முட்டி வலிங்க, உங்க லோயர் பெர்த்தைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ண முடியுங்களா?" என்று ஒரு மகன் வந்து நிற்பார். கேட்கப்பட்டவருக்கும் முட்டி வலியாக இருக்கலாம். ஆனால், அந்தச் சொல்லைக் கேட்டபிறகு அதைச் சொல்ல வாய் வராது. திருப்பூர் தாண்டுவதற்குள் அவர் மேலே ஏறிப் படுத்திருப்பார்.

கொங்கு நாட்டின் தனிச்சொத்து அல்ல இது. பெங்களூரில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பது கிட்டத்தட்ட ஊரின் அடையாள வாசகம். இந்திக்காரர் 'தோடா அட்ஜஸ்ட் கரோ' என்பார். திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் இளைஞர்களுக்குத் தமிழ் தெரியாது, சூப்பர்வைசருக்கு இந்தி தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த சொல் 'அட்ஜஸ்ட்'. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் தங்குவதும், ஷிப்ட் நீள்வதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

சரி, இந்தச் சொல் எங்கே பிறந்தது?

லத்தீன் மொழியில் 'யுக்ஸ்டா' என்றால் பக்கத்தில், அருகில் என்று பொருள். அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'பக்கத்தில் கொண்டுவருதல்' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் உருவானது. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், 'சேர்த்தல்' என்று ஆனது. இன்றைய பிரெஞ்சில் 'சேர்' என்பதற்கான சொல்லும் அதே வேரில் வந்ததுதான். அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்துக்குக் கப்பல் ஏறியது. ஆகவே, பல்லடம் பஸ்ஸில் நான்காவது ஆளுக்காக மூன்று பேர் நெருங்கி உட்காரும்போது, ஆங்கிலேயர்கள் மறந்துபோன ஆதி அர்த்தத்தை நம் ஊர்க்காரர்கள் தெரியாமலே காப்பாற்றி வருகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் சுவாரஸ்யம் கூடும். 'யுக்ஸ்டா'வுக்கும் அடியில் இருப்பது, 'இணை' என்று பொருள்படும் ஒரு மிகப் பழைய வேர். சமஸ்கிருதத்தில் 'யோகா' முளைத்ததும், ஆங்கிலத்தில் நுகத்தடிக்கு 'யோக்' என்று பெயர் வந்ததும் அந்த வேரிலிருந்துதான். அட்ஜஸ்ட்டும் யோகாவும் நுகத்தடியும் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள்! காங்கேயம் காளைகளைப் பூட்டி ஓட்டியவர்களுக்கு நுகத்தடியின் கணக்கு தெரியும். ஜோடியில் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றால் பூட்டாங்கயிற்றை மாற்றிக் கட்டிப் பார்ப்பார்கள். அப்படியும் ஒரு கழுத்து புண்ணானால் ஜோடியையே மாற்றுவார்கள். 'பொறுத்துக்கோ' என்று காளையிடம் யாரும் சொன்னதில்லை.

இதே குடும்பத்தில் ஒரு முரட்டு உறவும் உண்டு. பழைய ஐரோப்பாவில் வீரர்கள் குதிரையில் ஏறி, நீண்ட ஈட்டியோடு எதிரெதிரே பாய்ந்து மோதும் விளையாட்டுக்கு 'ஜவுஸ்ட்' என்று பெயர். அதுவும் 'யுக்ஸ்டா'வின் பிள்ளைதான். நெருங்கி வந்தால் சேரவும் செய்யலாம், முட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

நடுவழியில் இந்தச் சொல்லுக்கு ஓர் ஆள்மாறாட்டமும் நடந்தது. லத்தீனில் 'யுஸ்டஸ்' என்றால் நியாயமான, சரியான என்று அர்த்தம். 'ஜஸ்டிஸ்' அதிலிருந்து வந்தது. 'அட்ஜஸ்ட்'டின் நடுவில் 'ஜஸ்ட்' தெரிவதால், இது 'சரியாக்குதல்' என்று பிறந்த சொல் என்றே படித்தவர்கள் நினைத்தார்கள். நினைப்பு எழுத்தையும் மாற்றியது, அர்த்தத்தையும் மாற்றியது. சேர்த்தல் போய், சீராக்குதல் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் நஷ்டத்தைக் கணக்கிட்டு ஈடு தீர்மானிப்பவருக்கு 'அட்ஜஸ்டர்' என்று பெயர் வந்ததும் இந்த வழியில்தான்.

மூன்றாவது அர்த்தம், 'சூழ்நிலைக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்வது'. இது பரவலானது 20-ம் நூற்றாண்டில், மனநலம் பற்றிய பேச்சோடு. ஒத்துப்போகிறவர் ஆரோக்கியமானவர், ஒத்துப்போகாதவருக்கு ஏதோ கோளாறு என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுவாக இருந்தது. 1967-ல் அந்நாட்டு உளவியலாளர்கள் சங்கத்தின் மாநாட்டில் பேசிய மார்ட்டின் லூதர் கிங் அதை நேருக்கு நேர் மறுத்தார். நிறவெறி போன்ற விஷயங்களுக்குத் தான் ஒருபோதும் அட்ஜஸ்ட் ஆகப் போவதில்லை என்றார்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் இன்னொரு வாசல் வழியாகவும் வந்தது. அது பட்டறை வாசல். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸின் முயற்சியால் இங்கே முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் என்ற பெருமையும் சேர்ந்தது. ஆலைகளைச் சுற்றி ஃபவுண்டரி, பம்ப்செட், லேத் பட்டறை என்று ஒரு தொழில் உலகமே முளைத்தது. எட்டாவது தாண்டாதவர்கள்கூட ஃபிட்டர், டர்னர், மோல்டர் என்று ஆனார்கள். டைட் பண்ணு, லூஸ் பண்ணு, செட் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு என்பவை அவர்கள் வாயில் சுத்தமான கொங்குத் தமிழாகவே ஒலித்தன.

பட்டறையில் அட்ஜஸ்ட் என்றால் குத்துமதிப்பு வேலை கிடையாது. அங்கே பேச்செல்லாம் 'தௌ' கணக்கில். ஒரு தௌ என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியைவிட மெல்லியது.

பைக் மெக்கானிக் 'டாப்பட் அட்ஜஸ்ட் பண்ணணும்' என்கிறாரே, அதை எடுத்துக்கொள்வோம். எஞ்சினில் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். சூட்டில் இரும்பு விரியும். விரிவதற்கு இடம் இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாது, புகை கசியும், நாளடைவில் வால்வே கருகிப்போகும். இடைவெளி அதிகமானால் 'டக் டக்' என்று சத்தம் வரும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை உள்ளே விட்டுப் பார்த்து மெக்கானிக் அந்த இடைவெளியைச் சரிசெய்கிறார். அதாவது, இங்கே அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் மூச்சுவிட இடம் வைப்பது.

நூற்பாலையிலும் அப்படித்தான். பஞ்சை இழுத்து மெலிதாக்கும் உருளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பது பஞ்சு இழையின் நீளத்தைப் பொறுத்தது. தூரம் குறைந்தால் இழை அறுபடும், கூடினால் நூல் மேடும் பள்ளமுமாக வரும். அதனால் பஞ்சு மாறும்போது உருளையைத்தான் நகர்த்துவார்கள்.

லேத்தில் 'ஃபோர் ஜா சக்' என்று ஒன்று உண்டு. கடைய வேண்டிய பீஸை நான்கு தாடைகள் நான்கு பக்கமும் பிடித்திருக்கும். நான்கும் தனித்தனியாக நகரும். பீஸ் சரியாக நடுவில் நிற்க வேண்டுமானால், ஒரு தாடையை லூஸ் செய்து, எதிர்த் தாடையை டைட் செய்ய வேண்டும். சுற்றிவிட்டு, டயல் கேஜில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். மறுபடி ஒரு லூஸ், ஒரு டைட். முள் அசையாமல் நிற்கும்வரை பொறுமை வேண்டும். நல்ல டர்னர் யார் என்று கேட்டால் பழைய ஆட்கள் இந்தப் பொறுமையைத்தான் சொல்வார்கள்.

வீட்டுக்குள் வரும்போதுதான் இந்தச் சொல் வேறு ஆளாகிவிடுகிறது.

தமிழ் இலக்கணம் இங்கே ஒரு சின்ன வேலை செய்கிறது. ஆங்கில வினைச்சொல்லோடு 'பண்ணு' சேர்த்தால் தமிழாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மெஷினை 'அட்ஜஸ்ட் பண்ணு' என்கிறோம். மனுஷியிடம் வரும்போது 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்கிறோம். அந்த 'க்கோ'தான் சமாச்சாரம். 'கொள்' என்ற பழந்தமிழ்த் துணைவினையின் வாரிசு அது. செயலைச் செய்கிறவர் பக்கமே திருப்பிவிடும். 'பண்ணு' என்றால் மாற வேண்டியது வெளியே எங்கோ இருக்கிறது. 'பண்ணிக்கோ' என்றால் மாற வேண்டியது நீதான். மூன்றாவதாக, 'எல்லாம் அட்ஜஸ்ட் ஆயிடும்' என்று ஒன்று உண்டு. அதில் யார் மாற வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லை, காலம் பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணிடம் அதிகம் சொல்லப்படுவது இந்த மூன்றாவதுதான்.

நம் பழைய சொற்கள் இவ்வளவு சாமர்த்தியமானவை அல்ல. 'விட்டுக்கொடு' என்றால், ஒருவர் எதையோ இழக்கிறார் என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'பொறுத்துப்போ' என்றால், பொறுக்க வேண்டிய வலி ஒன்று இருக்கிறது என்று சொல்பவரே ஒப்புக்கொள்கிறார். 'அனுசரிச்சுப் போ' என்பதில், பின்னால் நடந்து போவது என்ற மூலப்பொருள் இருக்கிறது. முன்னால் போகிறவர் யார் என்ற கேள்வி உடனே வரும். 'அட்ஜஸ்ட்' மட்டும் இழப்பையும் வலியையும் வரிசையையும் காட்டிக்கொடுப்பதில்லை. கொங்கு நாட்டின் மரியாதை வேறு அதற்குத் தேன் தடவிவிடுகிறது. "கண்ணு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ சாமி" என்று தலையைத் தடவிச் சொன்னால் எந்தப் பெண்ணால் எதிர்த்துப் பேச முடியும்?

எவ்வளவு தூரம் இந்தச் சொல் போகும் என்பதை வாளையாறைத் தாண்டினால் பார்க்கலாம். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்ட்டில் வெளியானது. வாய்ப்பு கேட்டு வரும் பெண்களிடம் பாலியல் இணக்கத்தைக் கேட்கப் பயன்படும் வார்த்தைகளாக அது குறிப்பிட்டவை இரண்டு: 'காம்ப்ரமைஸ்', 'அட்ஜஸ்ட்மென்ட்'. கேரளத்தின் கதை மட்டும் என்று எல்லைக்கு இந்தப் பக்கம் யாரும் தோளைக் குலுக்கிவிட முடியாது. அந்த அர்த்தம் தெரியாத சினிமாக்காரர் கோடம்பாக்கத்திலும் கிடையாது.

கணபதி பக்கம் நாற்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரின் மகள், கல்யாணமாகி எட்டாவது மாசம், ஈரோட்டுப் பக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து பையோடு வந்து இறங்கினாள். கணக்குப் படித்தவள். வேலையை விடச் சொல்லியிருக்கிறார்கள். விடும்வரை சம்பளம் மாமியார் கைக்குப் போக வேண்டும். அம்மா வீட்டுக்கு நோம்பிக்கு மட்டும்தான் வரலாம். போனில் பேசினால், "என்ன, கோள் சொல்லி முடிஞ்சுதா?" என்று கேட்பார்கள். இன்ன தேதியில் அடித்தார்கள் என்று சொல்ல எதுவும் இல்லை. அதனாலேயே சொந்தக்காரர்களுக்கு அது ஒரு பிரச்னையாகத் தெரியவில்லை. அத்தை, சித்தி, பக்கத்து வீட்டம்மா என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு காபி குடித்துப் போனார்கள்.

நான்காம் நாள் அப்பாவும் பட்டறையில் வைத்து அதையே சொன்னார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு. போகப் போகச் சரியாயிரும்."

மகள் சின்ன வயதிலிருந்தே அந்தப் பட்டறையில் விளையாடி வளர்ந்தவள். லேத்தில் மாட்டியிருந்த பீஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்கப்பா, நாலு ஜாவுல ஒண்ணை மட்டும் டைட் பண்ணிட்டே போனா, பீஸ் சென்டருக்கு வருமுங்களா?"

"அதெப்படி வரும்? எதுத்தாப்புல இருக்கறதை லூஸ் பண்ணோணும்ல."

"அங்க எதுத்தாப்புல யாரும் லூஸ் பண்ணலீங்கப்பா."

அவர் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். அன்று ராத்திரி, மனைவியிடம் மகளின் சம்பளம் எவ்வளவு, எந்த பேங்க் என்று விசாரித்தார். அதுவரை அவருக்கே அது தெரியாது.

இதுபோன்ற வீடுகளில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. தொடர்ந்து அவமானப்படுத்துவது, அவள் பணத்தைப் பறித்துக்கொள்வது, வேலைக்குப் போவதைத் தடுப்பது எல்லாம் அதில் சேரும். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. எட்டு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

அந்தப் பட்டறைக்காரர் சட்டத்துக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு மருமகன் வீட்டுக்குப் போனார். மரியாதைக்குக் குறைவில்லை. காபி வந்தது, மழை பற்றிப் பேசினார்கள், மஞ்சள் விலை பற்றிப் பேசினார்கள். பிறகு சம்பந்தியம்மா ஆரம்பித்தார். "எல்லா வீட்லயும் இருக்கறதுதானுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போனா..."

"சரிங்க. யாரு, எவ்வளவுன்னு பேசிக்கலாமுங்களா?" என்றார் இவர்.

மருமகன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். பேச்சு மூன்று மணி நேரம் போனது. இரண்டு தடவை எழுந்து போக வேண்டிய நிலைமை வந்து, பெரியவர் கையமர்த்தி உட்கார வைத்தார். முடிவில் அவள் வேலைக்குப் போவது என்றானது. சம்பளம் அவள் கணக்கில் இருக்கும், வீட்டுச் செலவுக்கு இருவரும் ஒரு தொகை போடுவார்கள். காலைச் சமையலில் மருமகன் பங்கு என்ன என்பதில் மட்டும் சம்பந்தியம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதை அவனே, "நான் பாத்துக்கறேன்மா" என்று முடித்துவைத்தான். மகள் உடனே கிளம்பிப் போய்விடவில்லை. மூன்று வாரம் கழித்து, அவன் தனியாக வந்து கூப்பிட்ட பிறகுதான் போனாள். வேலைக்குப் போக வசதியாக, காலை 7.10 பஸ்ஸுக்குப் பாஸ் எடுத்துக்கொண்டாள்.